வாழைச்சேனைக் கடதாசி ஆலை

இலங்கையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறைக்குச் சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் கடதாசி என்று திட்டமிட்டார்கள். கடதாசி ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. மட்டக்களப்பு வயல்களில் சூடடித்து மிஞ்சிய வைக்கோல்தான் அன்று மூலப்பொருள். அதைக் காரச் சோடாவில் அவித்துக் கூழாக்குவார்கள். வைக்கோல் கடதாசி விறைப்பானது, மடித்தால் சரசரக்கும்.

போரும் நட்டமும் ஆலையை முடக்கின. 2020களின் தொடக்கத்தில் அதை மீண்டும் இயக்கும் வேலை தொடங்கியது.

இப்படி முடங்கிக் கிடந்த இடத்தில் அவசரப்பட்டுக் கத்தியை எடுக்கக் கூடாது. முதலில் படம் எடுக்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று குறிக்க வேண்டும். சுவரில் வேரோடிய ஆலங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும்; அடியில் வெட்டிக் காயவிட வேண்டும். துருவேறிய அவிகலத்தின் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்காமல் அதைச் சூடாக்கவே கூடாது. பழைய இரும்பென்று எடைக்குப் போட்ட பல்சக்கரம் திரும்பி வராது.

அந்த ஆலையில் வேலை செய்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலையே பக்கத்தில் உட்காருங்கள். எந்த இயந்திரத்தில் நின்றார், அதை எப்படி ஓட்டினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.