இடைப்பட்ட ரெண்டு மூணு வருஷம் யார் கணக்கில்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதும் மாற்றவில்லை.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இந்த முறை வங்கியில வேலை பார்க்கிறவன் என்பதால் கூப்பிட்டிருக்காங்க. தலைப்பு, 'இயற்கை வேளாண்மைக்கு மாறுவது'. சரி, கணக்கிலிருந்தே தொடங்குறேன்.

நான் கடன் கொடுக்கிற அதிகாரி இல்லை. விண்ணப்பத்தை வாங்கி, சிட்டாவும் அடங்கலும் இருக்கான்னு பார்த்து உள்ளே அனுப்புகிற எழுத்தர். சில வருஷத்துக்கு முன்னால சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. ஒன்றரை ஏக்கர் குத்தகை. அதுவும் வாய்ப்பேச்சுக் குத்தகை. வருஷா வருஷம் ஆண்டை வீட்டு வாசல்ல போய் நின்னு புதுப்பிக்கணும். ஏதோ ஒரு இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போயிட்டு வந்திருந்தாங்க. "தம்பி, யூரியா போடாம வெள்ளாமை பண்ணலாம்னு இருக்கேன். எருவு அடிக்கணும், ஆட்டுக்கெடை கட்டணும். மொத ரெண்டு வருஷம் வெளைச்சல் கொறையும்னு அவுங்களே சொல்றாங்க. அதுக்குத் தாக்குப்பிடிக்க ஏதாச்சும் கடன் உண்டா?"

அப்படி ஒரு கடன் எங்கள் படிவத்தில் இல்லை. பயிர்க்கடன் ஒரு பட்டத்துக்கானது. அறுத்ததும் கட்டணும். மண் தேறுவதற்குக் காத்திருக்கிற கடன் அல்ல அது. இப்போது, 2025 ஜனவரியிலிருந்து, ரெண்டு லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த நிலத்தை உழுவது தான்தான் என்று காட்ட அந்த அம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லையே. குத்தகைதாரரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் போட்டாச்சு. பதியப் போனால் அடுத்த வருஷம் குத்தகை இருக்காது. இதை வங்கியில் யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

கடன் இல்லாமலே அந்த அம்மா செஞ்சாங்க. ரெண்டு வருஷம் தலையில எருவு சுமந்தாங்க. மூணாம் வருஷம் மண் பொலபொலன்னு ஆச்சு. அந்த வருஷமே ஆண்டையின் மகன் நிலத்தை வாங்கிக்கிட்டான். இப்ப அங்க 'இயற்கைப் பண்ணை'ன்னு பலகை தொங்குது. அந்த அம்மா கட்டட வேலைக்குப் போறாங்க.

நான் சொல்ல வந்ததே இதுதான். ரசாயன உரத்துக்குப் பழகின மண் அதை நிறுத்தினதும் உடனே கொடுக்காது. நுண்ணுயிர்கள் பெருகணும், மக்கு சேரணும். அதுவரைக்கும் மகசூல் குறையும், களை கூடும். இயற்கை விளைபொருள் என்று சான்றிதழோடு விற்கவும் ஆண்டுப் பயிருக்கு ரெண்டு வருஷம், மரப்பயிருக்கு மூணு வருஷம் மாறுகாலம் என்று விதி வைத்திருக்கிறார்கள். விளைச்சலும் குறைவு, விலையும் சாதா விலை. இந்த இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது? சம்பளமோ, வேறு வருமானமோ, நாற்பது ஏக்கரோ இருக்கிறவன் தாங்குவான். மற்றவனை இயற்கையின் பேரால் கடனில் தள்ளுவதுதான் நடக்கும். இலங்கையில் 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல் விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். தாங்குவதற்கு ஏற்பாடு பண்ணாமல் மாறச் சொன்னால் அதுதான் கதி.

இன்னொன்றையும் பேசியாகணும். ஜீவாமிர்தம். 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணி, மூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். (மூத்திரத்தை அவர்கள் கோமியம் என்பார்கள். எனக்கு மூத்திரம்தான்.) இதில் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்ல வரலை. ஆனால் ரெண்டு கிலோ பயறு மாவை மண்ணுக்கு ஊத்தச் சொன்னால், புள்ளைக்கு என்ன கொடுக்கிறதுன்னு எங்க வீட்டுப் பெண்கள் கேட்பாங்க. மாட்டைச் சாமியாக்கிப் பேசுகிற மேடைகளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. செத்த மாட்டை உரித்ததற்காக 2016-இல் குஜராத்தின் ஊனாவில் நம்ம பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதையொட்டி எழுந்த போராட்டம் என்ன கேட்டது? நிலமற்ற ஒவ்வொரு தலித் குடும்பத்துக்கும் ஐந்து ஏக்கர். மாட்டைப் பற்றிய வாதத்தை நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் பாருங்கள், அது சரியான திசை.

மானியத்தையும் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த மூட்டைக்கு அரசு போடுகிற பணம் அதைவிடப் பல மடங்கு. எருவுக்கூடை சுமக்கிற தலைக்கு ஒரு பைசா கிடையாது. யூரியாவை விட்டால் அந்த வேலையெல்லாம் யார் முதுகில் ஏறும்? கூடை சுமக்க, களை பறிக்க, கரைசல் கலக்க நம்ம பெண்கள்தான். கூலியைப் பேசாத இயற்கை வேளாண்மை நமக்கு வேண்டாம்.

அப்படியானால் மாறவே முடியாதா? முடிந்திருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம். அன்று மேடக் மாவட்டம், 2016-இலிருந்து சங்காரெட்டி. நிலச்சீர்திருத்தத்தில் தலித்துகளுக்குக் கிடைத்தது கல்லும் சரளையும், மேல்மண் அரித்துப்போன மேட்டாங்காடும். ஆண்டைகள் எந்த நிலத்தை விட்டுக்கொடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? பெரும்பாலும் தரிசாகவே கிடந்தது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 1983-இலிருந்து அங்கே வேலை செய்தது. ஊர் ஊராகத் தலித் பெண்களின் சங்கங்கள். தொண்டு நிறுவனங்கள் மீது எனக்கு இருக்கிற சந்தேகம் உங்களுக்கும் இருக்கும். இருக்கட்டும். அந்தப் பெண்கள் செய்ததைப் பாருங்கள்.

1990-களின் நடுவில், நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் பணத்தை முதலாக வைத்து, முப்பது ஊர் அளவில் 2,500 ஏக்கருக்கு மேல் தரிசை மீட்டார்கள். எப்படி? கடன். ஆனால் நான் பார்க்கிற கடன் அல்ல. உழவுக்கு ஒரு தவணை, எருவுக்கு ஒரு தவணை, விதைக்கு, களையெடுப்புக்கு என்று வேலையின் நாள்காட்டிப்படி பணம். திருப்புவது ரூபாயில் இல்லை, சோளத்தில். அதுவும் ஒரே அறுவடையில் இல்லை, பல வருஷமாக. சந்தையில் விலை விழுந்தாலும் கடன் ஏறாது. ஒரு மூட்டை சோளம் ஒரு மூட்டை சோளம்தான். வந்த சோளத்தை ஊரிலேயே சேமித்தார்கள். ஊரில் யார் ரொம்ப ஏழை என்பதை ஊரே கூடி முடிவு பண்ணி, பஞ்ச காலத்தில் அவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். எங்கேயோ இருக்கிற அங்காடியை நம்பி விளைவிக்கவில்லை, பக்கத்து வீட்டு அடுப்பை நம்பி விளைவித்தார்கள். ஒரே ஏக்கரில் சோளமும் துவரையும் தினையுமாகப் பத்துப் பதினைந்து விதை. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். எங்கள் படிவத்தில் பயிரின் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும்!

இதில் முதல் நிபந்தனையைக் கவனிச்சீங்களா? நிலம் அந்தப் பெண்கள் கையில் இருந்தது. மண்ணைத் தேற்றினால் பிடுங்கிக்கொள்ள ஆண்டையின் மகன் இல்லை.

அம்பேத்கர் இதைப் புதிதாகச் சொல்லவில்லை என்பார். 1918-இல் சிறு உடைமை பற்றி எழுதியபோதே, நிலத்தின் அளவை மட்டும் வைத்து லாபமா நட்டமா என்று பேசுவது தவறு, அதில் போடுகிற முதலையும் உழைப்பையும் சேர்த்துப் பார்க்கணும் என்று வாதிட்டார். 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலத்தை அரசுடைமையாக்கிக் கூட்டுப்பண்ணைகளிடம் கொடுக்கச் சொன்னார். தண்ணீர், உழவுமாடு, கருவி, எரு, விதை எல்லாவற்றுக்கும் அரசே முதல் போடணும் என்றார். எருவைக்கூட விடவில்லை பாருங்கள்.

நமக்கும் நிலம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலம் இருக்கிறது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியார் தவிர மற்றவருக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. 1994 அக்டோபர் 10-இல் அதைக் கேட்டதற்காகத்தான் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் சுடப்பட்டார்கள். மீட்டெடுக்கிற நிலம் பல வருஷம் யூரியா தின்ற நிலமாக இருக்கும், அல்லது உவர் ஏறியதாக இருக்கும். பட்டாவோடு நின்றுவிட்டால் ரெண்டே வருஷத்தில் அடகுக்குப் போகும். ஆகவே கோரிக்கையில் இதையும் எழுதுங்கள்: மாறுகாலத்துக்கு வட்டியில்லாத கடன், தானியமாகத் திருப்பும் உரிமை, எருவுக்கும் கூலிக்கும் மானியம், பட்டா பெண்கள் பேரில்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கு. விடுமுறையில் ஊருக்குப் போறீங்க இல்லையா, கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய் யு.டி.ஆருக்கு முந்திய 'அ' பதிவேட்டைக் கேளுங்க. இல்லைன்னு சொல்வாங்க. தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. டி.சி. நிலம் என்று போட்ட புல எண்களைக் குறிச்சுக்குங்க. இப்ப அதில் யார் பயிர் வைக்கிறாங்க, என்ன பயிர், கிணறு இருக்கா, மண் எப்படி என்பதையும் எழுதுங்க. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதுங்க. அந்தப் பட்டியலோடு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. கணக்கை நான் போட்டுத் தர்றேன்.