நீத்தார் சாம்பலும் நெடும் பயணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த ஆண்டு விழா மேடையில் அஸ்தியைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள்; நான் பேசத்தான் போகிறேன். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நம்மவர் பலர் இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே கண்ணை மூடுகின்றனர். யமுனைக் கரையில் எரியூட்டுகிறோம். ஆயினும் சாம்பல் காவிரியில் கரைய வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். துயரத்தில் மூழ்கிய வீட்டார், அதற்கு வழி எது என்று யாரைக் கேட்பார்கள்?

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. 1948ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காந்தியடிகளின் அஸ்தி தில்லியிலிருந்து பிரயாகைக்குத் தனி ரயிலில் சென்றது. அவ்வண்டியின் பெட்டிகள் அனைத்தும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளே. அடிகள் விரும்பி ஏறிய வகுப்பு அது. அஸ்தியின் ஒரு பகுதி குமரி முனைக்கும் வந்தது. அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில் 1956ஆம் ஆண்டு மண்டபம் எழுந்தது. மற்றொரு பகுதியோ கட்டாக் நகரத்து வங்கிப் பெட்டகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1997ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள்தான் திரிவேணி சங்கமத்தை அடைந்தது. 1930இல் ஜெனீவாவில் மறைந்த சியாம்ஜி கிருஷ்ண வர்மாவின் சாம்பல் தாயகம் திரும்பியது 2003இல். உலகறிந்தவர்களுக்கே இத்தனை காலத் தாழ்வு என்றால், நம் போன்றோர் வீட்டில் கேட்பானேன்!

முதற்கண், அவசரம் கூடாது. சஞ்சயனத்தன்று நீரும் பாலும் தெளித்து எலும்பைப் பொறுக்கிச் சேர்க்கிறோம். அந்த ஈரத்தோடு கட்டினால் துணி நைந்து கசியும். உள்ளே கனல் இருந்துவிட்டாலோ ஆபத்து. நன்றாக ஆறவிட்டு, உலரவிட்டுக் கட்டுங்கள். சடங்குக்கு மண் கலயம் வேண்டும். இரண்டு இரவு ரயிலில் போவதற்கு அது உதவாது. தடித்த பையில் இட்டு வாயை இறுகக் கட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து, மூடி நன்கு பொருந்திய மரப்பெட்டியில் வையுங்கள். நீத்தாரின் பெயர், மறைந்த நாள், கொண்டு செல்பவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு பெட்டிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் இருக்கட்டும்.

விமானத்தில் செல்வோர்க்கு ஒரு சொல். நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு குடும்பம், தந்தையின் அஸ்தியைக் கனத்த பித்தளைச் செம்பில் இட்டு எடுத்துச் சென்றது. பித்தளையை ஊடுருவி எக்ஸ்ரே காட்டாது. காவலர் திறக்கச் சொன்னார்; நூறு பேர் நின்ற வரிசையின் நடுவே அந்த அம்மையார் செம்பின் கட்டை அவிழ்த்தார். காவலர் மீது குற்றமில்லை, அவர் கடமை அது. மரப்பெட்டியாக இருந்திருந்தால் அந்தக் காட்சிக்கே இடமில்லை. விமான நிறுவனத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சுடுகாட்டு ரசீதும் இறப்புச் சான்றும், அவற்றின் படிகளும் கையில் இருக்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நகராட்சிச் சான்று வரச் சில நாள் ஆகலாம். ஆகவே ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். சோதனைக் கருவியில் பெட்டியை வைக்குமுன், இன்னது என்று காவலரிடம் மெல்லச் சொல்லிவிடுவது நலம்.

ரயிலில் இத்தனை தொல்லை இல்லை. ஆனால் செருப்புகளின் நடுவே இருக்கைக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். மடியில் வையுங்கள், அல்லது தலைமாட்டில். மகள் ஏந்திச் செல்லலாமா என்று என்னைக் கேட்டார்கள். ஏன் கூடாது? பெற்றவர் சாம்பலை மகள் ஏந்துவதில் இழுக்கு எங்கிருந்து வந்தது?

நேரில் செல்ல முடியாதவர் என்ன செய்வது? தனியார் கூரியர் பலர் இதை ஏற்பதில்லை. ‘பூசைச் சாமான்’ என்று பொய் எழுதி அனுப்புவோர் உண்டு. அது வேண்டாம், வழியில் பிரிக்கப்பட்டால் மதிப்பும் போகும், பொருளும் போகும். அஞ்சல் துறை 2021ஆம் ஆண்டு ஓம் திவ்ய தர்சன் என்னும் அமைப்போடு சேர்ந்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. காசி, பிரயாகை, அரித்துவாரம், கயை ஆகிய தலங்களுக்கு ஸ்பீடு போஸ்டில் அஸ்தியை அனுப்பலாம். அங்கே கரைப்பதை வீட்டிலிருந்தே காணவும் வகை செய்தார்கள். காவிரி அப்பட்டியலில் இல்லை என்பது நமக்குக் குறைதான்.

காவிரியென்றதும் நினைவு வருகிறது: போகுமுன் ஆற்றில் நீர் ஓடுகிறதா என்று ஊரில் விசாரியுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12இல் திறந்து, சனவரி 28இல் மூடப்படும். கோடையில் அம்மா மண்டபத்துப் படிகளில் நின்று மணலைப் பார்த்துத் திரும்பியவர் உண்டு. கோடையாயின் அரித்துவாரத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிட்டு, மறுபகுதியைப் பிறகு தெற்கே கொண்டு செல்லலாம். அதுவரை வைத்திருக்கச் சுடுகாடுகளில் இடம் தருவார்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ரயில்கள் நின்றபோது தில்லியில் அவ்விடங்கள் நிரம்பின என்பதையும் கண்டோம். கரைக்கும்போது சாம்பலை மட்டும் நீரில் விடுங்கள்; பையும் துணியும் திரும்பி வரட்டும்.

இறுதியாக, செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். மூடியோடு கூடிய மரப்பெட்டிகள் இரண்டு சங்க அலுவலகத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். நடு இரவில் கேட்டாலும் சாவி கிடைக்க வேண்டும். பெட்டிகளுக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.