இசை நாடகப் பாடலும் கேட்போர் நெஞ்சமும்



தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் அரிச்சந்திர மயான காண்டம் இன்றும் நடிக்கப்படுகிறது. இரவு முதிர்ந்து விடியலை நெருங்கும் வேளையில், சந்திரமதி மகனின் உடலை ஏந்தி மேடைக்கு வருகிறாள். கதையின் முடிவு கூட்டத்தில் ஒருவருக்கும் புதிதன்று. மகன் உயிர் பெறுவான். இழந்த நாடு மீளும். இதனை அறிந்த பெண்களே, அவள் பாடத் தொடங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அயோத்தி அரசியின் துயரம் கரிசல் காட்டுப் பெண்ணின் துயரமாவது எவ்வாறு? இவ்வுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே.

அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் நீங்கிய இடத்தில் கேட்பவர் தம்மை வைத்துக்கொள்ள இயலும். நாடக மேடையோ இதற்கு நேர் மாறானது. அங்கே பாடுபவருக்குப் பெயருண்டு, குலமுண்டு, ஊருண்டு, ஒப்பனையுண்டு. ஆயினும் அப்பாடல் அனைவருக்கும் உரியதாகிறது.

இதற்கான விடையும் தொல்காப்பியத்திலேயே உள்ளது. மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. சந்திரமதியின் நிலையை இந்நான்கோடும் பொருத்திப் பார்க்கலாம். பிறர்க்கு அடிமையாக விற்கப்பட்டமை இளிவு. அரவு தீண்டி மகன் மாண்டமை இழவு. அரண்மனையில் வாழ்ந்தவள் சுடலையில் நிற்பது, பண்டைய நிலை கெட்ட அசைவு. சுடலைக்குரிய கால் பணத்திற்கும் முழத்துண்டிற்கும் வழியற்று நிற்பது வறுமை. அந்தக் கால் பணமே இங்குத் திறவுகோல். மகனை இழந்த அரசியைக் கூட்டம் தொலைவில் நின்று இரங்கிப் பார்க்கக்கூடும். பிணத்தை எரிக்கக் காசில்லாத தாயை அவ்வாறு பார்க்க இயலாது. அவள் பக்கத்து வீட்டுப் பெண். பலருக்கு அவள் தாமேதான். கதை அவளிடமிருந்து முடியையும் நாட்டையும் கணவனையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, இறுதியில் வெறும் தாயாக நிறுத்துகிறது. பாடல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமிழ் நாடக உலகிற்குச் செய்த பணி இங்கு நினைக்கத்தக்கது. வெண்பாவும் விருத்தமும் பழுதற எழுத வல்ல அப்புலவர், சிந்தையும் கும்மியையும் மேடைக்கு வேண்டாதவை என ஒதுக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் வீட்டிலேயே பழகிய செவிகளுக்கு, அவற்றின் சாயல் மேடையில் கேட்டதும் உள்ளம் தானே திறந்துகொள்கிறது. சொல் கதைமாந்தருடையது, மெட்டு கேட்பவரின் இல்லத்தது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் மேடைக்கும் தரைக்கும் இடையிலான உயரம் மறைந்துவிடுகிறது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இதனினும் ஆழமான சான்று. கதாகாலட்சேபத்தில் பாடப்பெற்று, பின்னர் மேடைக்கும் திரைக்கும் சென்ற நூல் அது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினார் என்றும், இலக்கண வழுக்களே அதற்குக் காரணம் என்றும், பாரதியார் பாடக் கேட்டு நெஞ்சிளகிய பின்னர் பாயிரம் தந்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏட்டில் படித்தபோது பிழையாகத் தோன்றியது, குரலில் கேட்டபோது ஒரு மனிதனின் தவிப்பாயிற்று.

பெரியபுராணத்தில் நந்தனைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே நாளைப் போவேன் என்று நாள் கழிக்கிறார் திருநாளைப்போவார். பாரதியாரோ வேதியர் என்னும் ஆண்டையைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். இதனால் நந்தனின் பாடல் இறைவனை நோக்கிய வேண்டுதலாக மட்டும் நிற்கவில்லை. ஆண்டையிடம் விடை கேட்டு நிற்கும் பண்ணையாளின் குரலும் ஆயிற்று. பிறர் ஏவலுக்காகத் தம் விருப்பத்தை நாளைக்கு நாளை ஒத்திவைத்தவர் எவராயினும் அக்குரலை அறிவர்.

அக்குரல் எந்த உடலுக்குள்ளும் அடங்கிவிடவில்லை. கிட்டப்பா 1933 ஆம் ஆண்டில் மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவர் எவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதிகொண்ட கே.பி. சுந்தராம்பாள், 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாகவே நடித்துப் பாடினார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடத்தில் ஒரு பெண்ணின் குரல். ஆயினும் விடை கேட்கும் நந்தனே அங்கு நின்றான்.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நந்தன் பாடல்களுக்கு உருகிய அவைகள் தமிழ்நாட்டில் பல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவோ, வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்த 1939 சூலை 8 ஆம் நாள் வரை அம்மக்களுக்குத் திறக்கவில்லை. சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947 இல்தான் வந்தது. இத்தனை ஆண்டுகள் வடிந்த கண்ணீர் என்ன செய்தது? நந்தனின் ஏக்கத்தைக் கேட்டோர் தம் ஏக்கமாகக் கொண்டனர்; அது உண்மையான உருக்கமே. ஆனால் தம்முடையதாகக் கொண்ட அளவில், அது நந்தனுடையது என்பதைப் பலர் மறந்தனர். அவன் வாயிலுக்கு வெளியே நின்றவாறே பாட, இவர்கள் உள்ளே அமர்ந்து அழுதனர்.

ஆகவே, பிறர் துயரைத் தம் துயராக உணரச் செய்வது இசை நாடகப் பாடலின் முதல் வெற்றியே, முழு வெற்றியன்று. தம் துயராக உணர்ந்தது மீண்டும் பிறர் துயராகக் கண்முன் நிற்கும்போதுதான் பாடல் தன் பணியை நிறைவு செய்கிறது. மயான காண்டம் கண்டு வீடு திரும்பும் ஒருவர், அடுத்த தெருவில் ஈமச் செலவிற்கு வழியற்ற வீட்டின் முன் ஒருகணம் நின்றால், சந்திரமதி வீணாகப் பாடவில்லை.

கவிஞர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. துயரம் என்று பொதுப்பட எழுதிய கவிதை எவர் துயரமும் ஆவதில்லை. யார் பாடுகிறார், எவரை நோக்கி, எந்த வாயிலில் நின்று, கையில் எத்தனை காசு குறைய என்பது தெரிந்த பாடலே எல்லோருடையதும் ஆகிறது. இந்த வட்டத்தின் வருங்காலக் கவிதைகளில் அந்தக் கால் பணத்தின் கனம் இருக்கட்டும்.