திண்ணையை இடித்தவன் பேசுகிறேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1969-ல் சிவில் பிரிவில் சேர்ந்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டடம் கட்டிப் பிழைத்தவன். "உங்கள் சாதனைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் செயலாளர். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மாணவர்களுக்கு அதுதான் பிரயோஜனப்படும்.

எங்கள் ஊர் வீட்டில் வாசலுக்கு இருபுறமும் திண்ணை. சுண்ணாம்புக் காரையிலேயே தலையணை மாதிரி ஒரு மேடு வைத்துக் கட்டியது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார். நாலு பேர் கேட்பார்கள். மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பார். சாயங்காலம் தெருப்பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்.

1994-ல் அந்த வீட்டை இடித்துக் கட்டினேன். பிளான் போட்டது நானே. திண்ணை போயிற்று, போர்ட்டிகோ வந்தது. கிரில் கேட், காலிங்பெல், மொசைக் தரை. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஆறு மாசம் கழித்து ஊருக்குப் போனேன். அப்பாவின் சிநேகிதர் ஒருவரைத் தெருவில் பார்த்து, "என்ன மாமா, வீட்டுப் பக்கமே வர்றதில்லையாமே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏதாவது வேலை இருந்தா பெல் அடிக்கலாம் தம்பி. சும்மா வர்றவன் எப்படி அடிக்கிறது?"

சும்மா வருகிறவனுக்காகக் கட்டப்பட்ட இடம் திண்ணை. அது எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் வரவில்லை. அப்பா கொஞ்ச நாள் டீக்கடைக்கு நடந்து போய்ப் பேப்பர் படித்தார். முழங்கால் வலி வந்தபின் அதுவும் நின்றது. கிரில்லுக்குப் பின்னால், டி.வி. முன்னால் உட்கார்ந்தார். 2003-ல் காலமாகும்வரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

நாம் வீட்டைக் கட்டுகிறோம். அப்புறம் வீடு நம்மைக் கட்டுகிறது. இது எனக்கு மட்டும் தோன்றிய விஷயம் இல்லை. 1941 மே மாதம் லண்டனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை மண்டபம் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. 1943-ல் அதைத் திரும்பக் கட்டுவது பற்றிப் பேச்சு வந்தபோது, பழைய மாதிரியே, எதிரும் புதிருமான பெஞ்சுகளோடு, எல்லா உறுப்பினருக்கும் இடம் போதாத சிறிய கூடமாகவே கட்ட வேண்டும் என்று வாதாடினார் பிரதமர் சர்ச்சில். கூடத்தின் வடிவம்தான் விவாதத்தின் வடிவம் என்பது அவர் கட்சி. 1950-ல் அப்படியே திறந்தார்கள். இன்று 650 உறுப்பினர்கள். இருக்கைகளோ சுமார் 427!

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்காரவில்லை. எங்கள் தேங்காயைப் பறிக்க வருபவர் தெருவில் நின்றே கூலி வாங்கிக்கொண்டு போவார். சின்ன வயதில் அது என் கண்ணை உறுத்தவே இல்லை. வீடு என்னை அப்படிப் பழக்கியிருந்தது.

அந்தப் பழக்கம் உடைந்தது எங்கே தெரியுமா? இதோ, நம் ஹாஸ்டல் மெஸ்ஸில். நீள பெஞ்சு. யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். அவரைப் போன்ற ஒருவருடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இலையிலிருந்த அப்பளத்தைப் பிடுங்கித் தின்றேன். இன்றைக்கும் என் ஆருயிர் நண்பன்; முதல் வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான்!

பின்னாளில் அரசாங்கமும் இதையே செய்து பார்த்தது. மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சேரி, ஊர் என்ற பிரிவு இல்லாமல் அடுத்தடுத்த வீடுகள். செங்கல் மட்டுமே மனசை மாற்றிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தள்ளித் தள்ளிக் கட்டிய தெருக்கள் மனசைத் தள்ளி வைத்தது உண்மையென்றால், சேர்த்துக் கட்டுவதற்கும் ஒரு பலன் இருக்கத்தானே வேண்டும்?

இப்போது நான் வந்த காரியம். நம் சங்கம் நிதி திரட்டிக் கட்டவிருக்கும் புது ஹாஸ்டலின் வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனி அறை, அறைக்குள்ளேயே குளியலறை, மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்க ஜன்னல். வசதிதான். ஆனால் பையன்கள் சும்மா உட்கார ஓர் இடம் இல்லை. நாலு வருஷம் பக்கத்து அறைக்காரன் பெயர் தெரியாமலே ஒருவன் பட்டம் வாங்கிப் போய்விடலாம்.

என் வேண்டுகோள் இரண்டே. வாசலில் நீளமாக ஒரு திண்ணை. மெஸ்ஸில் பழைய மாதிரி நீள பெஞ்சு. திண்ணைச் செலவு என்னுடையது. வரைபடமும் இலவசம், இந்தத் தடவை தப்பாகப் போட மாட்டேன்.

இளவல்களே, நாளை நீங்கள் பிளான் போடும்போது எத்தனை அறை என்று கேளுங்கள். கூடவே, சும்மா வருகிறவன் எங்கே உட்காருவான், யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள்.