தேத்தண்ணி கேளாத விருந்தாளி



நம் வீடுகளுக்கு ஆள் வந்தால் முதலில் தேத்தண்ணி. "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றாலும் விடமாட்டோம். இந்த நல்ல பழக்கம் வந்தவரின் உயிருக்கே உலை வைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் மீன் தொட்டி.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தன. பொலித்தீன் பையை அவிழ்த்து அப்படியே கவிழ்த்தேன். பசியோடு வந்திருக்கும் என்று மூன்று சிட்டிகை தீன் போட்டேன். மீன்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. சாப்பிடவில்லையே என்று இன்னொரு சிட்டிகையும் போட்டேன். மறுநாள் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியது. மூன்றாம் நாள் ஒரு மீனும் மிஞ்சவில்லை. வீட்டார் கடைக்காரரைத் திட்டினார்கள். பிழை என் கையில் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

கொழும்புக் கடைகளில் செரி பார்ப் என்றொரு சின்ன மீன் கிடைக்கும். சிங்களத்தில் அதன் பெயர் லே தித்தயா. லே என்றால் இரத்தம். 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அந்தச் சிங்களப் பெயரிலிருந்தே 'தித்தேயா' என்று எடுத்துக்கொண்டார். களனி முதல் நில்வளா வரையான ஈரவலய ஆறுகளோடு சேரும் நிழல் விழுந்த ஓடைகள்தான் அதன் சொந்த ஊர். நீளம் ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். ஆண் மீன் சிவந்திருக்கும், பயந்தால் வெளிறிவிடும். வந்த மீனின் மனநிலையை அறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நம் குழாய்களில் வருவது பெரும்பாலும் களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர். அந்த மீனின் முன்னோர் வாழ்ந்த ஓடைகள் சேரும் ஆறுதான், ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ந்திருக்கிறது. குளோரின் மீனின் பூவை, அதாவது செவுளை, அரித்துவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர்கூடத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, காற்றுக் குழாய் போட்டு, ஒரு நாள் திறந்து வைக்கலாம். அதற்குமேல் விட்டால் நுளம்பு பெருகும். டெங்குவுக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு சமமாகும். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இதைச் சிலர் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் செய்வார்கள். பொறுமையைப் பாராட்டலாம், முறையைப் பாராட்ட முடியாது. மூடிய பையில் மீன் விட்ட மூச்சின் காபனீரொட்சைட்டு தண்ணீரை அமிலமாக்கி, மீனிலிருந்து வெளியேறும் அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பை திறந்ததும் அந்தக் கட்டு அவிழும். வெகுநேரம் பையில் கிடந்த மீனுக்கு அதன்பின் தாமதம் ஆகாது. சின்ன வலையால் மீனை மட்டும் எடுத்துவிடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவேண்டாம்.

அன்றிரவு விளக்கை அணையுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள். தீன் போடாதீர்கள். பயந்த மீன் வாயைத் திறக்காது. அது தொடாத தீன் அழுகி அமோனியாவாகும். அதைத் தின்று தண்ணீரைக் காக்கும் பற்றீரியா வடிகட்டியின் பஞ்சில் நிலைபெற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். என் முதல் தொட்டியில் அந்தப் பற்றீரியாவே இருக்கவில்லை. வளர்ந்த, சுகமான மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் சாகாது.

மறுநாள் மாலை, தீனை விரல்களுக்கிடையில் நன்றாகத் தூளாக்கி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வாயில் எடுத்துத் துப்பினால் கவலை வேண்டாம், ருசி பார்க்கிறது. தொடவேயில்லை என்றால் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த நாள் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைக் கொடுத்துப் பாருங்கள். அசைகிற இரை தயங்கும் மீனையும் இழுக்கும். செரி பார்ப்பை ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஒன்று கொத்தினால் மற்றவையும் கொத்தும். ஐந்து நாளாகியும் தின்னவில்லையென்றால் தீனை மாற்றுவதை விட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

மீன் வளர்ப்பைக் கலை என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். வண்ண விளக்கையும் பிளாஸ்டிக் கோட்டையையும் பார்த்து நான் அப்படிச் சொல்லமாட்டேன். தீன் டப்பாவைக் கையில் எடுத்து, மீனைப் பார்த்து, திறக்காமலே திரும்ப வைக்கத் தெரிந்தவரிடம் அந்தக் கலை இருக்கிறது.

இப்போது என் தொட்டியில் ஆறு செரி பார்ப்புகள் உண்டு. வந்து மூன்றாம் நாள் மாலை, செடிக்குப் பின்னால் வெளிறி நின்ற ஆணின் வயிற்றில் சிவப்பு ஊறத் தொடங்கியது. அதைக் கண்ட பிறகுதான் டப்பாவைத் திறந்தேன்.