வாக்கில்லாதவர்களின் ஊழியர்

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நம்பிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இங்கே நம் தோளோடு தோள் சேர்ந்து தொழுகிறார்கள். இதே ஊரில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேறொரு கூட்டத்தாரும் வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அல்லர்; உயிர் தப்பி வந்தவர்கள். இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் அம்மக்களை நாம் சாலையில் காண்கிறோம்; நம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்க அழைக்கிறோம். அவர்களுடைய வரலாற்றை மட்டும் கேட்டறிவதில்லை.

அம்மக்களுக்காக உழைத்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் எஸ்.சி. சந்திரஹாசன்.

அவர் முஸ்லிம் அல்லரே, கிறிஸ்தவக் குடும்பத்தவராயிற்றே, பள்ளிவாசலில் அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். மக்காவில் துன்பம் தாங்காமல் ஸஹாபாக்கள் முதன்முதலாக ஹிஜ்ரத் சென்றது எங்கே? அபிசீனியாவுக்கு. அந்நாட்டை அப்போது ஆண்டவர் நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னர். குறைஷியர் பரிசுப் பொருட்களோடு தூதர்களை அனுப்பி, அகதிகளைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டனர். மன்னர் ஜஅஃபர் (ரலி) அவர்களின் வாதத்தைச் செவிமடுத்தார். அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்க மறுத்தார். பரிசுகளையும் திருப்பி அனுப்பினார். பிற்காலத்தில் அவர் மறைந்தபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அகதிக்கு அடைக்கலம் தந்தவரின் நன்றியை மறவாத சமுதாயம் நாம்.

சகோதரர்களே! சந்திரஹாசனின் தந்தை, ஈழத்து மக்கள் தந்தை செல்வா என்று போற்றும் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரைக் குடியுரிமை அற்றவர்களாக ஆக்கிற்று. பின்னர் அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. செல்வநாயகம் யாழ்ப்பாணப் பகுதியைச் சேர்ந்த காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர். தோட்டத் தொழிலாளர் அவருடைய வாக்காளர்கள் அல்லர். இருந்தும், அவ்வநீதிக்குத் துணை போக மனமின்றித் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1977இல் மறையும் வரை அறவழியிலேயே நின்றார். வாக்கை இழந்தவர்களுக்காகக் கட்சியை இழக்கத் துணிந்தார் தந்தை. மகனோ அவ்வழியில் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. படகுகளில் இராமேசுவரம் கரைக்கு மக்கள் வந்து இறங்கிய வண்ணம் இருந்தனர். 1983 முதல் 2012 வரை வந்தோர் தொகை 3 இலட்சத்துக்கும் அதிகம். வழக்கறிஞரான சந்திரஹாசனும் தமிழகம் வந்தார். 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலியருக்கு ஏதிலியரே தொண்டு செய்வது என்பதே அதன் அடிப்படை. முகாமில் இருக்கும் ஆணும் பெண்ணும் பயிற்சி பெற்று, தம் முகாமின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தனர், சத்துக்குறைவைக் கவனித்தனர், மனம் உடைந்தோருக்கு ஆறுதல் கூறினர். வாங்கும் கைகளாகவே இருந்துவிடாமல் கொடுக்கும் கைகளாகவும் அவர்கள் உயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, இந்த அகதிகள் தமிழகத்து மீனவ மக்களுக்குத் தொண்டாற்றச் சென்றார்கள்.

முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றும் குடியுரிமை ஆவணமும் பெற்றுத் தரும் பணியையும் அக்கழகம் மேற்கொண்டது. ஒரு காகிதத்துக்கு இத்தனை பாடா என்று எண்ணாதீர்கள். காகிதம் இல்லாத மனிதனை உலகம் மனிதனாக மதிப்பதில்லை. 1948இல் குடியுரிமை இழந்த அந்த மலையகத் தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழக முகாம்களில் ஏராளம். தந்தை எந்த மக்களுக்காகக் குரல் கொடுத்தாரோ, அவர்களுடைய சந்ததியின் கையில் மகன் ஒரு சான்றிதழைச் சேர்க்கப் பாடுபட்டார்.

இப்பாதை மலர்ப்பாதையாக இருக்கவில்லை. 1985இல் திம்புப் பேச்சுவார்த்தை முறிந்தபோது, இந்திய அரசு அவரையும் வேறு இருவரையும் நாடு கடத்த ஆணையிட்டது. அமெரிக்கா செல்லும் விமானத்தில் அவர் ஏற்றப்பட்டார். பின்னர் ஆணை விலக்கப்பட, திரும்பி வந்து விட்ட பணியைத் தொடர்ந்தார். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின், அகதி என்றாலே ஐயத்தோடு பார்க்கும் காலம் வந்தது. முகாம்களின் மீது கட்டுப்பாடுகள் இறுகின. அந்நாளிலும் அவர் அம்மக்களைக் கைவிடவில்லை.

அன்பர்களே! இதிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினை ஒன்றே ஒன்று. அரசியலில் இருப்போர் உதவி செய்வதுண்டு. அவ்வுதவி பெரும்பாலும் வாக்குச் சீட்டைப் பார்த்தே நடக்கும். அகதிக்கு வாக்கு இல்லை. அவனுக்குச் செய்த நன்மை தேர்தல் நாளில் திரும்பி வராது. ஆகவே அகதிக்குச் செய்யும் ஊழியமே இஃக்லாஸின் உரைகல். பிரதிபலன் தர இயலாதவனுக்குச் செய்ததை அல்லாஹ்விடம் அன்றி வேறு எவரிடம் எதிர்பார்க்க முடியும்?

நம்மில் சிலருடைய உள்ளத்தில் ஒரு வேதனை உண்டு என்பதை அறிவேன். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கட்டிய துணியோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் செய்த பாவத்தை வேறொருவன் தலையில் சுமத்த நம் மார்க்கத்தில் இடமில்லை. முகாமில் இருக்கும் மூதாட்டியும் துப்பாக்கிக்குப் பயந்து ஓடி வந்தவர்தாம். புத்தளத்து முகாமில் கண்ணீர் வடித்த நம் சகோதரியின் துயரத்தை உணர்ந்தவர்கள், கும்மிடிப்பூண்டியில் அதே கண்ணீரைக் கண்டால் முகம் திருப்பலாகாது.

2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்களுக்கு இடமில்லை என்று நாம் வீதிக்கு வந்தோம். இலங்கையிலிருந்து வந்த இம்மக்களுக்கும் அதில் இடமில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? 2021இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் சூட்டி, புதிய வீடுகளையும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆயினும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற இளைஞனுக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி இல்லை என்றால், அவனுடைய ஏக்கத்தை 1,500 ரூபாய் தீர்க்குமா?

ஆகவே சகோதரர்களே, ஜமாஅத்தாருக்குச் சில வேண்டுகோள்கள். முகாமிலிருந்து வருவோரை வேலைக்கு அமர்த்தினால், அகதிதானே என்று கூலியைக் குறைக்காதீர்கள்; வியர்வை உலருமுன் முழுமையாகக் கொடுங்கள். ஆலைகளில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்போர் அவர்களுடைய பிள்ளைகளின் விண்ணப்பத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். ஜகாத்துக்குரியோர் யார் என்பதை மார்க்கம் வகுத்துள்ளது. ஸதகாவுக்கோ மத வேலி இல்லை. பள்ளி திறக்கும் மாதத்தில் நாம் வழங்கும் நோட்டுப் புத்தகங்களில் ஒரு பகுதி முகாமுக்கும் செல்லட்டும். நம் பிள்ளைகளையே அழைத்துச் சென்று, அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! வீடிழந்தோருக்கு வீட்டையும், நாடிழந்தோருக்கு நாட்டையும் வழங்குவாயாக! எங்கள் வாசலில் நிற்கும் அகதியை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! பிரதிபலன் கருதாமல் ஊழியம் செய்யும் நல்லுள்ளத்தை எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் அருள்வாயாக! ஆமீன்.