ரத்தம் வராத தலையடி

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழுவது நமக்குப் புதிதல்ல. கை, கால் முறிந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தலை கல்லில் மோதினால் மட்டும், "ரத்தம் வரவில்லைதானே" என்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நிரைக்குப் போகிறோம். போகாவிட்டால் அரைப்பேர்தான் விழும் என்ற பயம்.

மண்டைக்குள் மூளை நீரில் மிதக்கிறது. தலை மோதினாலோ, உடம்பு வேகமாகக் குலுங்கினாலோ மூளையும் குலுங்கும். இதுதான் மூளை அதிர்ச்சி. நிழல்மரக் கிளை விழுந்தாலும் வரும். லொறியில் தூக்கிப்போட்டாலும் வரும். பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்பாது. ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் "நடிக்கிறாள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கண் மங்குதல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். சில வேளை மறுநாள்தான் தெரியவரும்.

அடிபட்டவரை அன்று வேலைக்கு அனுப்பக்கூடாது. செங்குத்தான மலையில் தலைசுற்றி இன்னொரு முறை விழுந்தால் ஆபத்து அதிகம். தனியாக விடவும் கூடாது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலம் குறைவது, பேச்சுக் குழறுவது, காது மூக்கில் ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது, எழுப்பியும் எழும்பாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்ஸ் சேவை இலவசம். நினைவு தப்பியவர்களையும், வயதானவர்களையும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்களையும் எப்படியும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும். தூங்கலாம், பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சாராயம் கூடாது. அதன்பிறகு வீட்டுக்குள் சின்னச் சின்ன வேலைகள் செய்து, தலைவலி கூடாவிட்டால் மெல்ல மெல்லக் கூட்டலாம். பெரியவர்கள் அநேகமாக இரண்டு வாரத்தில் தேறுவார்கள். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை செல்லலாம். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அந்த நாட்களில் பிள்ளையை ஏசாதீர்கள். முழுக்கத் தேறி, டாக்டர் சொல்லும்வரை கிரிக்கெட்டுக்கும் விடாதீர்கள்.

அடுத்தது நமது உரிமை. வேலையில் அடிபட்டால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, தோட்ட ஆபிசில் பதியச் செய்யுங்கள். மருந்தகத்துத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பார்த்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். வேலையால் வந்த காயத்தினால் பல நாட்கள் வேலைக்குப் போக முடியாமல் போனால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ரத்தமில்லாத காயத்துக்கு எழுத்துதான் சாட்சி. பதிய மறுத்தால் கமிட்டித் தலைவரிடம் உடனே வாருங்கள்.

இந்த வாரமே 1990 என்ற இலக்கத்தைப் பிரட்டுக்களத்தில் பெரிதாக எழுதி வைப்போம். தலையில் அடிபட்டவருக்கு அன்று முழுப்பேர் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் முன்வைப்போம். கை தூக்கி ஆதரவு தாருங்கள்.